தோல்வியே இல்லாத பதிவா, பேர் சொல்லும் எதிராளியா?

2016 நவம்பர் 19. லாஸ் வேகஸில் ஒரு பெரிய ஆண்கள் சண்டைக்கு முன்னால் நான்கு சுற்றுச் சண்டை ஒன்று நடந்தது. ஒரு மூலையில் கிளாரிசா ஷீல்ட்ஸ். லண்டன், ரியோ என அடுத்தடுத்த இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வாங்கிய கையோடு வந்தவர். எதிர்மூலையில் ஃபிரான்ஷான் க்ரூஸ். தொழில்முறைக் குத்துச்சண்டையில் இருவருக்குமே அதுதான் முதல் நாள். நான்கு சுற்றும் முடிந்தபோது நடுவர் ஷீல்ட்ஸின் கையை உயர்த்தினார். க்ரூஸின் கணக்கு தோல்வியில் தொடங்கியது.

ஆண்கள் குத்துச்சண்டையில் ஊறியவர்கள் யாரைக் கேட்டாலும், முதல் சண்டையிலேயே தோற்றவருக்குப் பெரிய இடம் கிடைப்பது அரிது என்றுதான் சொல்வார்கள். ஆனால் 2022 ஏப்ரல் 30 இரவு, நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், அதே க்ரூஸ் எலின் செடெரூஸை வென்று 168 பவுண்டு எடைப்பிரிவின் நான்கு பெல்ட்டுகளையும், அதாவது நான்கு உலக அமைப்புகள் தரும் பட்டங்களையும், ஒருசேர வாங்கினார். அன்றைய முக்கியச் சண்டை கேட்டி டெய்லருக்கும் அமண்டா செரானோவுக்கும் நடந்தது என்பதால் க்ரூஸைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை. பெண்கள் குத்துச்சண்டையில் யாருடன் மோதுவது, எப்போது மோதுவது என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர்தான்.

அமெச்சூரில், அதாவது ஒலிம்பிக் போன்ற சம்பளமில்லாப் போட்டிகளில், பேர் வாங்கிய ஒரு பெண் தொழில்முறைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வயது இருபத்துநாலோ இருபத்தைந்தோ. மேஜையில் புரொமோட்டரின், அதாவது பணம் போட்டுச் சண்டைகளை நடத்துபவரின், ஒப்பந்தம் இருக்கிறது. அவர் முன்னால் நான்கு வழிகள் உண்டு. முதலாவது, ஆண்களைப் போல எளிய எதிராளிகளை அடுக்கித் தோல்வியில்லாத பதிவைக் கட்டிக்கொண்டே போவது. இரண்டாவது, ஷீல்ட்ஸைப் போல வந்த வேகத்தில் பட்டத்துக்குப் பாய்வது. மூன்றாவது, டெய்லரைப் போல ஒரு எடையில் காலூன்றி, பெல்ட்டுகளைச் சேர்த்து, ஒரு பெரிய எதிராளியை எதிர்நோக்கி நடப்பது. நான்காவது, செரானோவும் நடாஷா ஜோனஸும் செய்ததுபோல எடை மாறி மாறி வாய்ப்பைத் தேடுவது. நான்கிலும் ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நான்கும் ஒன்றல்ல.

முதலில் மேட்ச்மேக்கர் என்ன செய்கிறார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அவரும் நம் ஊரில் பொருத்தம் பார்ப்பவர் போலத்தான். உயரம், கையின் நீளம், இடக்கையா வலக்கையா, வயது, கடைசிச் சண்டை எப்போது, அடி வாங்கினால் தாங்குவாரா, முன்னேறி வருபவரா பின்வாங்கி ஆடுபவரா என்று பத்துப் பொருத்தம் பார்ப்பார். வித்தியாசம் ஒன்றுதான். இரண்டு வீட்டுக்கும் பொதுவான ஆள் இல்லை அவர். புரொமோட்டரின் ஆள். புரொமோட்டர் பணம் போட்டிருப்பது யார் மேலோ அவர் ஜெயிக்கும்படி, ஆனால் கொஞ்சம் வியர்க்கும்படி எதிராளியைத் தேடுவதுதான் அவர் வேலை. சின்ன அரங்குகளில் இன்னொரு கணக்கும் உண்டு. பிரிட்டனில் அது சர்வசாதாரணம்: உள்ளூர் வீராங்கனை டிக்கெட் விற்றுக் கொடுக்க வேண்டும், அந்தப் பணத்திலிருந்துதான் எதிராளிக்கான சம்பளமும் போகும். மாமாவும் சித்தப்பாவும் பள்ளித் தோழிகளும் வாங்கும் டிக்கெட்டில் எதிராளிக்கு விமானச் செலவு கட்டுகிற நிலை அது.

ஆண்களில் இந்த முறை வேலை செய்வதற்குக் காரணம், ஒவ்வொரு எடையிலும் ஆள் ஏராளம். பதினைந்து, இருபது சண்டைகளுக்கு ஏற இறங்க எதிராளி கிடைப்பார்கள். படிப்படியாகக் கடினத்தைக் கூட்டலாம். பெண்களில் அந்தப் படிக்கட்டு கிடையாது. கீழே சில பேர், மேலே சில பேர், நடுவில் வெற்றிடம். நான்கைந்து சண்டைக்குள் எளிய எதிராளிகள் தீர்ந்துவிடுவார்கள். அதற்குப் பிறகும் எளியவர்களையே தேடினால், கண்டம் விட்டுக் கண்டம் தேடி, ஜெயித்ததைவிடத் தோற்றது அதிகமான ஒருவரைக் கூட்டிவர வேண்டியிருக்கும். பார்ப்பவர்களுக்கும் அது தெரிந்துவிடும்.

நேரக் கணக்கு இன்னும் முக்கியம். பெண்களுக்குப் பெரும்பாலும் ஒரு சுற்று இரண்டு நிமிடம். நான்கு சுற்றுச் சண்டை என்றால் முழுசாகப் போனாலும் எட்டு நிமிடம். பட்டச் சண்டை பத்துச் சுற்று, இருபது நிமிடம். ஆண்களின் பட்டச் சண்டை பன்னிரண்டு சுற்று, முப்பத்தாறு நிமிடம். ஆறு எளிய சண்டைகள் ஆடி, அதில் பாதியை முதல் இரண்டு சுற்றிலேயே முடித்த ஒரு பெண், மொத்தமாக நாற்பது நிமிடம்கூட உண்மையான சண்டை பார்த்திருக்க மாட்டார். பதிவில் 6–0 என்று இருக்கும். உடம்புக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஏழாவது சண்டையில் சரியான ஆள் வந்து விலாவில் ஒன்று வைக்கும்போதுதான் அது வெளியே வரும்.

தோல்வியே இல்லாத பதிவைப் பற்றிப் பேசினால் செசீலியா பிரேக்கஸைச் சொல்லாமல் இருக்க முடியாது. கொலம்பியாவின் கார்ட்டகேனாவில் பிறந்து நார்வேயின் பெர்கனில் வளர்ந்தவர். அந்த நாட்டில் தொழில்முறைக் குத்துச்சண்டையே சட்டவிரோதமாக இருந்ததால் 2007-இல் ஜெர்மனிப் பக்கம் போய்த் தொழில் தொடங்கினார். 2014 செப்டம்பரில் கோபன்ஹேகனில் வெல்டர்வெயிட்டின் நான்கு பெல்ட்டுகளையும் சேர்த்த முதல் பெண் ஆனார். அவர் எளிய எதிராளிகளைப் பொறுக்கினார் என்று சொல்ல மாட்டேன், கிடைத்தவர்களையெல்லாம் வென்றார். 36 சண்டை, 36 வெற்றி. ஆனாலும் அமெரிக்காவின் எச்.பி.ஓ. தொலைக்காட்சி ஒரு பெண்கள் சண்டையை முதன்முறையாக ஒளிபரப்பியது 2018 மே மாதம்தான். அதில் ஆடியவர் பிரேக்கஸ். அவர் தொழிலுக்கு வந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது. 2020 ஆகஸ்டில் ஜெசிகா மெக்காஸ்கில்லிடம் தோற்றபோது அவருக்கு வயது 38.

அத்தனை வருடமும் அவரிடம் இல்லாதது ஒன்றுதான்: அவர் பெயரோடு சேர்த்துச் சொல்ல இன்னொரு பெயர். அந்தக் காலத்தில் அவர் எடையில் அப்படி ஒருவர் உருவாகவில்லை. அது அவர் குற்றமில்லை. ஆனால் பதிவு மட்டும் ஒருவரை அரங்கு நிறைக்கும் இடத்துக்குக் கொண்டுபோகாது என்பதற்கு அவரைவிட நேர்மையான சாட்சி கிடையாது. அவ்வளவு சிறந்த பதிவுக்கே அந்த நிலை என்றால், கூட்டிவந்த எதிராளிகளை வைத்துக் கட்டிய 12–0-க்கு என்ன மதிப்பு இருக்கும்?

அதனால் முதல் வழியை நான் முதல் ஐந்தாறு சண்டைகளோடு நிறுத்திவிடுவேன்.

இரண்டாவது வழி ஷீல்ட்ஸின் வழி. மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரத்துப் பெண். நான்காவது சண்டையிலேயே, 2017 ஆகஸ்டில் டெட்ராய்ட்டில், நிக்கி ஆட்லரை வென்று சூப்பர் மிடில்வெயிட்டில் இரண்டு பெல்ட் வாங்கினார். 2018 ஜூனில் ஹன்னா கேப்ரியல்ஸ் அவரை முதல் சுற்றிலேயே தரையில் விழவைத்தார். எழுந்து நின்று, புள்ளிகளில் ஜெயித்தார். 2019 ஏப்ரலில் கிறிஸ்டினா ஹாமரை வென்று மிடில்வெயிட்டின் நான்கு பெல்ட்டும் அவருடையது. 2021 மார்ச்சில் சொந்த ஊரான ஃபிளின்ட்டில் மரீ-ஈவ் டிகேரை வென்று 154 பவுண்டிலும் நான்கு பெல்ட்டையும் சேர்த்தார். நான்கு பெல்ட் காலத்தில் இரண்டு எடைப்பிரிவில் அப்படிச் செய்த முதல் ஆள், ஆண் பெண் இரண்டிலும், அவர்தான்.

இந்த வழியின் பலம் தெளிவு. அமெச்சூரில் உலகத்தரம் பார்த்தவருக்கு நான்கு சுற்றுச் சண்டைகளில் கற்க ஒன்றுமில்லை. ஷீல்ட்ஸ் நேரத்தை வீணாக்கவில்லை. பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது: ஐந்து வருடத்துக்குள் மோத ஆளில்லாமல் போய்விடும். அவருக்கும் அதுதான் நடந்தது. 2021-இல் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிக்குப் போனார். பிறகு மேலே மேலே ஏறி, 2024 ஜூலையில் ஹெவிவெயிட் பட்டம், 2025 பிப்ரவரியில் ஹெவிவெயிட்டின் எல்லாப் பெல்ட்டுகளும். திறமைக்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் இத்தனை பட்டங்களிலும் உலகம் நின்று பார்த்த சண்டை எது என்று கேட்டால், 2022 அக்டோபர் 15 அன்று லண்டன் ஓ2 அரங்கில் சவானா மார்ஷலோடு ஆடியதைத்தான் சொல்வார்கள்.

அதற்குக் காரணம் பெல்ட் இல்லை. 2012-இல் சீனாவின் சின்ஹுவாங்தாவ் நகரில் நடந்த அமெச்சூர் உலகப் போட்டியில் மார்ஷல் ஷீல்ட்ஸை வென்றிருந்தார். ஷீல்ட்ஸுக்கு அப்போது 17 வயது. அமெச்சூர், தொழில்முறை எல்லாம் சேர்த்துக் குத்துச்சண்டையில் அவரது ஒரே தோல்வி அது. பத்து வருடம் அந்தத் தோல்வி ஊறிக்கொண்டே இருந்தது. பேட்டிக்குப் பேட்டி இருவரும் அதைப் பற்றிப் பேசினார்கள். செப்டம்பர் 10-க்கு வைத்திருந்த சண்டை இரண்டாம் எலிசபெத் அரசியின் மறைவால் ஐந்து வாரம் தள்ளிப்போனது. கடைசியில் அரங்கு நிறைந்த கூட்டத்தின் முன்னால், முழுக்கப் பெண்களே ஆடிய இரவில், ஷீல்ட்ஸ் மூன்று நடுவர்களின் புள்ளி அட்டையிலும் ஜெயித்தார். அந்த இரவைச் சம்பாதித்துக் கொடுத்தது அவர் ஜெயித்த பன்னிரண்டு சண்டைகளா, பதினேழு வயதில் தோற்ற அந்த ஒன்றா? என்னைக் கேட்டால் இரண்டாவதுதான்.

மூன்றாவது வழியில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அயர்லாந்தின் பிரே ஊரைச் சேர்ந்த கேட்டி டெய்லர் லண்டனில் தங்கம் வாங்கியவர். 2016 ரியோவில் காலிறுதியிலேயே தோற்றார். முப்பது வயதில், ஷீல்ட்ஸுக்கு ஒரு வாரம் கழித்து, லண்டன் வெம்ப்லி அரங்கில் தொழில்முறைக்கு வந்தார். புரொமோட்டர் எடி ஹெர்னின் மேட்ச்ரூம் நிறுவனம் அவரை ஏற்றுக்கொண்டது. பதினொரு மாதத்தில் ஆறு சண்டை, ஏழாவது சண்டையில் 2017 அக்டோபரில் கார்டிஃபில் நான்கு அமைப்புகளில் ஒன்றான டபிள்யூ.பி.ஏ.வின் பட்டம். அடுத்த வருடம் ஐ.பி.எஃப்., 2019 மார்ச்சில் டபிள்யூ.பி.ஓ., ஜூன் மாதம் பெல்ஜியத்துக் காவல்துறைப் பெண் டெல்ஃபீன் பெர்சூனை வென்று லைட்வெயிட்டின் நான்கு பெல்ட்டும்.

இந்த அட்டவணையைப் பார்த்தால் மேட்ச்மேக்கரின் கை தெரியும். ஒவ்வொரு படியும் முந்தையதைவிட ஒரு பிடி உயரம். பெரும்பாலான முக்கிய நாட்களில் அவர் ஒரு பெரிய ஆண்கள் சண்டைக்கு முன்னால் ஆடினார். பதினாயிரக்கணக்கானவர்கள் வேறு யாரையோ பார்க்க வந்து இவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெண்கள் குத்துச்சண்டைக்குப் பழைய வழிதான் அது. 1996 மார்ச்சில் லாஸ் வேகஸில் மைக் டைசன் ஆடிய இரவில், அதற்கு முன்னால் கிறிஸ்டி மார்ட்டினும் அயர்லாந்தின் டீர்ட்ரா கோகர்ட்டியும் மோதினார்கள். மூக்கில் ரத்தம் வழிய மார்ட்டின் ஆடிய அந்த ஆறு சுற்றுதான் மறுநாள் ஊர்ப்பேச்சாக இருந்தது.

பெர்சூன் சண்டையில் டெய்லர் ஜெயித்தாரா என்று இன்றும் வாதிடுகிறார்கள். முகம் வீங்கி, கடைசிச் சுற்றுகளில் அடிவாங்கி, இரண்டு நடுவர்கள் 96–94, ஒருவர் 95–95. ஆண்களின் உலகில் இப்படி ஒரு சண்டைக்குப் பிறகு மேனேஜர்கள் அந்த எதிராளியின் பெயரையே எடுக்க விடமாட்டார்கள். டெய்லர் 2020 ஆகஸ்டில் அதே பெர்சூனோடு மறுபடி ஆடி, இந்த முறை தெளிவாக ஜெயித்தார். அவரது முழுத் தொழில் வாழ்க்கையிலும் நான் மிக மதிக்கிற முடிவு அது. சந்தேகத்தை ஆறப்போடாமல் தீர்த்தார்.

உண்மையில் அந்த 2020-இல் அவர் ஆட வேண்டியிருந்தது செரானோவோடு. மே மாதம் மான்செஸ்டரில் நடப்பதாக இருந்தது. கொரோனா வந்து தள்ளிப்போனது. பிறகு சம்பளப் பேச்சில் முறிந்தது. இரண்டு வருடம் கழித்து நடந்தபோது இடம் மேடிசன் ஸ்கொயர் கார்டன். அந்த அரங்கில் ஒரு பெண்கள் சண்டை முக்கியச் சண்டையாக நடந்தது அதுவே முதல் முறை. 19,187 பேர். இருவருக்கும் பத்து லட்சம் டாலருக்கு மேல்.

இந்தக் காத்திருப்பு பலன் தந்தது. ஆனால் காத்திருப்பது எப்போதும் பலன் தரும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கிறிஸ்டி மார்ட்டினுக்கும் நெதர்லாந்தின் லூசியா ரைக்கருக்கும் சண்டை என்று தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து பேசிக்கொண்டிருந்தார்கள். வருடங்கள் ஓடின. கடைசியில் 2005 ஜூலையில் லாஸ் வேகஸில் நாள் குறித்தார்கள். பயிற்சியில் ரைக்கரின் குதிகால் தசைநார் அறுந்தது. சண்டை நின்றது, நின்றதுதான். டெய்லர், செரானோ விஷயத்திலும் 2022-இல் டெய்லருக்கு 35 வயது, செரானோவுக்கு 33. இன்னும் ஒரு காயம், இன்னும் ஒரு பணத்தகராறு வந்திருந்தால் அதுவும் மார்ட்டின், ரைக்கர் கதையாகவே முடிந்திருக்கும். பெண்களில் பெரிய சண்டை என்பது பழுத்துத் தொங்கும் பழம் மாதிரி. நாளைக்குப் பறிக்கலாம் என்று விட்டால் காக்கை கொத்திப் போய்விடும்.

அந்தச் சண்டையின் ஐந்தாவது சுற்றை நான் எத்தனையோ முறை திரும்பப் பார்த்திருக்கிறேன். செரானோவின் இடக்கை நேராக வந்து இறங்குகிறது. டெய்லர் பின்னால் போகிறார், கயிறு முதுகில் படுகிறது. மூக்கில் ரத்தம். கை உயர்ந்திருக்கிறது, ஆனால் கால் சொன்னபடி கேட்கவில்லை. செரானோ விடவில்லை. விலா, முகம், மறுபடி விலா. மணி அடிக்கிறது. இரண்டு நிமிடச் சுற்று. மூன்று நிமிடச் சுற்றாக இருந்திருந்தால் இன்னும் அறுபது விநாடி டெய்லர் அங்கே நின்றிருக்க வேண்டும். நின்றிருப்பாரா? அந்த இடைவேளையில் மூச்சு வாங்கி, ஏழாவது எட்டாவதில் காலைத் திரும்பப் பெற்று, பத்தாவதில் இருவரும் நடுவில் நின்று அடித்துக்கொண்டார்கள். இரண்டு நடுவர் டெய்லருக்கு, ஒருவர் செரானோவுக்கு.

ஆகவே ஒப்பந்தம் போடும் பெண் சுற்றின் நேரத்தையும் பொருத்தத்தில் சேர்த்துப் பார்க்க வேண்டும். அடி பலமாக உள்ளவர், எதிராளியைத் தேய்த்துக் கரைக்கிறவர் என்றால் மூன்று நிமிடம் அவருக்கு உதவும். வேகத்தில், காலில், எண்ணிக்கையில் ஜெயிப்பவருக்கு இரண்டு நிமிடம் வசதி. செரானோ 2023 அக்டோபரில் டனிலா ராமோஸோடு பன்னிரண்டு சுற்று, மூன்று நிமிடம் என்று ஆண்களின் கணக்கிலேயே ஆடி ஜெயித்தார். அதை டபிள்யூ.பி.சி. ஏற்கவில்லை. அந்த அமைப்பின் பெல்ட்டையே அவர் விட்டுக்கொடுத்தார். கொள்கைக்காக அவர் கொடுத்த விலையை மதிக்கிறேன். ஆனால் இன்னும் பேர் வாங்காத பெண் அதே விலையைக் கொடுக்கத் தேவையில்லை. முதலில் தன் பலம் எதுவென்று தெரிந்துகொண்டால் போதும்.

நான்காவது வழியில் இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். இருவரும் எடை மாறினார்கள், காரணம் வேறு.

செரானோ போர்ட்டோ ரிக்கோவில் பிறந்து புரூக்ளினில் வளர்ந்தவர். 2009-இல் தொழிலுக்கு வந்தார். ஏழு எடைப்பிரிவுகளில் உலகப் பட்டம் வாங்கினார். 2018 செப்டம்பரில் 140 பவுண்டில் பட்டம் வென்றவர், 2019 ஜனவரியில் 115 பவுண்டுக்கு இறங்கி, ஏவா வோராபெர்கரை 35 விநாடியில் முடித்தார். நான்கே மாதத்தில் 25 பவுண்டு; நம் கணக்கில் பதினொரு கிலோவுக்கு மேல். சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஏழாவது பட்டம் அவர் வாழ்க்கையை மாற்றவில்லை. மாற்றியது ஒரே ஒரு எதிராளி. டெய்லரோடு மூன்று முறை ஆடினார்: 2022-இல், 2024 நவம்பரில் டெக்சஸின் ஆர்லிங்டனில், 2025 ஜூலையில் மறுபடி மேடிசன் ஸ்கொயர் கார்டனில். மூன்றிலும் தோற்றார். இரண்டாவது சண்டையில் தலை மோதி வலக்கண்ணுக்கு மேலே கிழிந்து, அந்த ரத்தத்தோடு ஆடி, டெய்லருக்கு ஒரு புள்ளி குறைத்தும் மூன்று அட்டையிலும் 95–94 என்று ஒரே புள்ளியில் போனது. பார்த்தவர்களில் பெரும் பகுதி செரானோதான் ஜெயித்தார் என்றார்கள். நெட்ஃபிளிக்ஸில் வந்ததால், குத்துச்சண்டையே பார்க்காத வீடுகளும் அந்தக் கண்ணையும் அந்தத் தீர்ப்பையும் பார்த்தன.

மூன்று தோல்வி. அவர் பேர் இறங்கியதா? ஏறியது. மூன்றாவது சண்டை நடந்த இரவில் அட்டவணை முழுக்கப் பெண்கள் சண்டைகளே இருந்தன. அமெரிக்காவில் அந்த மேடையை விரிவாக்கியதில் செரானோவுக்கும், அவரை 2021-இல் ஒப்பந்தம் செய்த யூடியூப்பில் பேர் வாங்கிக் குத்துச்சண்டைக்கு வந்த ஜேக் பாலின் புரொமோஷன் நிறுவனத்துக்கும் பெரிய பங்கு உண்டு. ஏழு எடையில் ஜெயித்த பட்டங்களைவிட, ஒரே எதிராளியிடம் தோற்ற மூன்று சண்டைகள் அவருக்கு அதிகம் தந்தன. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததற்கு இதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை.

ஜோனஸ் லிவர்பூல்காரர். 2012 ஒலிம்பிக்கில் டெய்லரிடம் தோற்றவர். தொழில்முறையில் 2020-இல் டெரி ஹார்ப்பரோடு சமன், 2021 மே மாதம் மறுபடி டெய்லரிடம் நெருக்கமான தோல்வி. 135 பவுண்டில் அவருக்கு மேலே போக இடமில்லை. கீழே இறங்கி உடம்பைக் காயப்போடாமல், 2022 பிப்ரவரியில் 154 பவுண்டுக்கு ஏறினார். அங்கே ஆள் குறைவு, பெல்ட் காலி. கிறிஸ் நாமூஸை இரண்டாவது சுற்றில் நிறுத்தி டபிள்யூ.பி.ஓ. பட்டம், செப்டம்பரில் டபிள்யூ.பி.சி., நவம்பரில் ஐ.பி.எஃப். ஒரே வருடத்தில் மூன்று. பிரிட்டிஷ் குத்துச்சண்டை வாரியம் அந்த வருடத்தின் சிறந்த வீரர் விருதை முதன்முறையாக ஒரு பெண்ணுக்குக் கொடுத்தது. அப்போது அவருக்கு 38 வயது, வீட்டில் பெண் குழந்தை.

எடை மாறுவதில் ஏறுவதும் இறங்குவதும் ஒன்றல்ல. இறங்குவது உடம்பிலிருந்து கடன் வாங்குவது. எடை பார்க்கும் காலையில் வாய் உலர்ந்து நிற்கும் பெண்ணுக்கு மறுநாள் இரவு தலையில் விழும் அடி இரட்டிப்பாக விழும். மாதவிடாய் நின்றுபோவது, எலும்பு பலவீனமாவது எல்லாம் உடம்பைத் தொடர்ந்து பட்டினி போடுவதன் விளைவுகள். பதிவேட்டில் இவை வராது. ஏறுவதில் எதிராளியின் பலம்தான் ஆபத்து, அதற்குப் பயிற்சியும் அறிவும் கைகொடுக்கும். பட்ட எண்ணிக்கைக்காக எடை இறங்கச் சொல்கிற மேனேஜரிடம் நான் என் வீட்டுப் பெண்ணை விடமாட்டேன்.

தோல்வியை எப்படிக் கையாள்வது என்பதில் டெய்லரையே மறுபடி பார்க்கலாம். 2023 மே 20. சொந்த நாட்டில் முதல் தொழில்முறைச் சண்டை, டப்ளின். செரானோவோடு ஆட வேண்டியது, செரானோவுக்குக் காயம். எளிய ஒருவரைப் பிடித்து ஊர்க்காரர்கள் முன்னால் கொண்டாடியிருக்கலாம். அவர் ஐந்து பவுண்டு மேலே ஏறி, 140 பவுண்டின் நான்கு பெல்ட்டையும் வைத்திருந்த சாண்டெல் கேமரனைக் கூப்பிட்டார். தோற்றார். முதல் தோல்வி, அதுவும் ஊரார் கண்முன்னால். ஆறு மாதம் கழித்து அதே அரங்கில் அதே கேமரனை வென்று அந்த நான்கு பெல்ட்டையும் வாங்கினார். செரானோவோடு அடுத்த இரண்டு சண்டையும் அந்த எடைப்பிரிவின் பெல்ட்டுகளுக்காகவே நடந்தன. மே மாதம் தோல்விக்குப் பயந்திருந்தால் அவை இந்த வடிவத்தில் வந்திருக்காது.

அப்படியானால் இருபத்தைந்து வயதில் ஒப்பந்தத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு நான் சொல்வது இது. ஒலிம்பிக் அல்லது உலகப் போட்டி அனுபவம் இருந்தால் டெய்லர் வழி. வேகத்தில் ஷீல்ட்ஸுக்கும் பிரேக்கஸுக்கும் நடுவே அது நிற்கிறது. உடம்பு பழக நேரம் கிடைக்கும், எதிராளிகளும் ஒரேயடியாகத் தீர்ந்துபோக மாட்டார்கள். அந்த அனுபவம் இல்லாவிட்டால் க்ரூஸ் வழி. முதல் தோல்விக்குக் கலங்காமல், நல்லவர்களோடு ஆடிக்கொண்டே இருப்பது. முப்பதைத் தாண்டி ஒரு எடையில் கதவு அடைத்துவிட்டால் ஜோனஸ் வழி, மேல்நோக்கி.

முதல் ஆறு சண்டையை எண்ணிக்கைக்கு வைக்கக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை வேண்டும். ஒன்று, தன்னைவிட உயரமானவர். ஒன்று, இடக்கை ஆட்டக்காரர். பின்னால் செரானோ மாதிரி ஒருவர் வரும்போது அது உதவும். ஒன்று, நிறுத்தாமல் முன்னேறி வந்து விலாவிலேயே அடிப்பவர். ஒன்று, தோல்வி பல இருந்தாலும் யாராலும் நாக்அவுட் செய்ய முடியாத அனுபவசாலி. அவரோடு எட்டுச் சுற்று முழுக்க ஆட வேண்டும். ஒன்று வெளியூரில், எதிராளியின் கூட்டத்துக்கு நடுவில். ஆறாவது, அமெச்சூரில் தன்னை வென்ற யாராவது.

ஒப்பந்தத்திலும் அதற்கேற்ற வரிகள் வேண்டும். வருடத்துக்குக் குறைந்தது மூன்று சண்டை. அது நடக்காவிட்டால் விலகிக்கொள்ளும் உரிமை. நெருக்கமான தீர்ப்பு என்றால் மறுசண்டை. எல்லாவற்றையும்விட, வேறு புரொமோட்டரின் வீராங்கனையோடு ஆட வாய்ப்பு வந்தால் தடுக்க மாட்டோம் என்று எழுத்தில் ஒரு வரி. கடைசி வரியை மட்டும் எழுத மறுத்தால், சம்பளத்தில் கொஞ்சம் குறைத்தாவது அதை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும்.